பஸ்ஸில் கிடைத்த ஆர்டர், முள்ளோடைக்கு அந்தப் பக்கம்

கேட்டிருப்பது இதுதான்: கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்ன முந்திரிக் கடை. பண்ருட்டிப் பக்கம் பருப்பு வாங்கி, தரம் பிரித்து, கொஞ்சத்தை வறுத்து உப்பிட்டுப் பொட்டலம் போட்டு விற்கிறீர்கள். புதுச்சேரி பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர் ஓர் ஓட்டலுக்குக் கொள்முதல் பார்ப்பவர். இறங்கும்போது "வாரம் 50 கிலோ அனுப்புங்க, பார்க்கலாம்" என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இப்படி எதேச்சையாக யாரையாவது சந்திப்பதால்தான் சின்ன வியாபாரம் பெரிதாகிறது என்கிறார்களே, உண்மையா? உண்மையென்றால் இதை எப்படிப் பிடித்துக்கொள்வது?

உண்மைதான். ஆனால் அதைக் கதையாகச் சொல்பவர்கள் சந்திப்புக்கு அடுத்த பத்து நாளை விட்டுவிடுகிறார்கள். ஆர்டர் நிலைக்குமா, நழுவுமா, கடையின் முதலையே இழுத்துக்கொண்டு போகுமா என்பதெல்லாம் அந்தப் பத்து நாளில்தான் முடிவாகிறது. ஆகவே இந்தப் பதிலில் பெரும்பகுதி அதைப் பற்றியே.

முதல் கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1982-ல் தற்செயல் சந்திப்புகளைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதினார். சந்திப்பு எப்போது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நடந்த பிறகு அது ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பது அவர் கையில் ஏற்கெனவே இருக்கும் திறமையையும், போய்ச் சேரும் வட்டம் எப்படிப்பட்டது என்பதையும் பொறுத்தது என்பது அவர் வாதம். அதற்கு முன்பே, 1973-ல், சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் அமெரிக்காவில் வேலை மாறியவர்களைப் பற்றி ஒரு கணக்கு வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 17 சதவீதம் போலத்தான். எப்போதாவது பார்த்தவர்கள் 56 சதவீதம், அரிதாகப் பார்த்தவர்கள் 28 சதவீதம். காரணம் நம் ஊருக்கும் பொருந்தும். உங்கள் மச்சானுக்குத் தெரிந்த கடையெல்லாம் உங்களுக்கும் தெரியும். உங்களுக்கு அட்டைப்பெட்டி போடுகிறவருக்குத் தெரிந்த கடைகள் வேறு.

கடலூர்க்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு. முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் பஸ் இன்னொரு சந்தைக்குள் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. அங்கே ஓட்டல், பேக்கரி, வார இறுதிச் சுற்றுலா எல்லாம் இருக்கிறது. வாங்குகிற கை கடலூரைவிடத் தாராளம். சிக்கலும் அதே பஸ்ஸில்தான் வருகிறது. ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடைக்குள் நுழைந்தால் சட்டப்படி அது வேறு மாநிலம். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

பஸ்ஸிலேயே, முதல் ஐந்து நிமிடத்தில் கேட்டிருக்க வேண்டியவை சில உண்டு. கேட்கவில்லையென்றால் இப்போது போனில் கேளுங்கள். முதலாவது, "எதுக்குப் போடுறீங்க?" இந்த ஒரு கேள்வியில் பாதி வியாபாரம் இருக்கிறது. 'முந்திரி' என்று சொல்கிற ஓட்டல்காரருக்குப் பல சமயம் முழுப்பருப்பே தேவைப்படாது. குருமாவுக்கு அரைக்க உடைப்பருப்பு போதும். பொங்கலுக்கும் கேசரிக்கும் பாதிப்பருப்பு. பிரியாணி மேலே தூவவும், தட்டில் வைத்து வறுத்துக் கொடுக்கவும்தான் முழுப்பருப்பு. கேட்காமல் முழுப்பருப்புக்கு விலை சொன்னால், "ரொம்ப அதிகம்" என்று பேச்சு முடிந்துவிடும். அவருக்குத் தேவையான சரக்கு அதைவிட எவ்வளவோ மலிவாக உங்கள் கடையிலேயே மூலையில் கிடந்திருக்கும்.

அடுத்து, இப்போது யாரிடம் வாங்குகிறார்கள், ஏன் மாற்ற நினைக்கிறார்கள். விலை காரணமென்றால் நாளை உங்களையும் விலைக்காகவே மாற்றுவார்கள். சரக்கு தாமதம், தரம் மாறுகிறது என்றால் அது நல்ல வாய்ப்பு. அதன் பிறகு, பணம் எத்தனை நாளில் வரும். கடைசியாக, முடிவு யார் கையில். ஓட்டலில் சுவை பார்ப்பவர் தலைமைச் சமையல்காரர், விலை பேசுபவர் கொள்முதல் ஆள், எடை போட்டு இறக்குபவர் ஸ்டோர் கீப்பர், பணம் விடுபவர் கணக்குப் பிரிவு. நான்கு பேரில் ஒருவரைத்தான் நீங்கள் பஸ்ஸில் பார்த்திருக்கிறீர்கள்.

அன்று இரவுக்குள் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்ப வேண்டும். குட் மார்னிங் படம் வேண்டாம். கடைப் பெயர், எங்கே சந்தித்தீர்கள், அவர் கேட்டது என்ன, மாதிரி எந்த நாளில் கொண்டுவருகிறீர்கள், இவ்வளவு போதும். "இன்று புதுச்சேரி பஸ்ஸில் பேசினோம். குருமாவுக்கு உடைப்பருப்பு, பிரியாணிக்கு முழுப்பருப்பு, வாரம் 50 கிலோ என்றீர்கள். வியாழன் காலை 11 மணிக்கு இரண்டிலும் 200 கிராம் மாதிரி கொண்டுவரலாமா?" ஒரு வாரம் கழித்து அனுப்பினால் அவருக்கு முகமே மறந்திருக்கும். கொள்முதல் பார்ப்பவரிடம் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் நம்பர் கொடுக்கிறார்கள்.

மாதிரி கொடுப்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். நல்லதாகப் பொறுக்கி எடுத்துக் கொடுப்பது இயல்பான ஆசை. அதுதான் முதல் லோடு திரும்பி வரக் காரணமும். மாதிரி, நீங்கள் உண்மையில் அனுப்பப்போகும் லாட்டிலிருந்தே வர வேண்டும். டின்னின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் அள்ளிக் கலந்து 400 கிராம் எடுங்கள். 200 அவருக்கு. மீதி 200-ஐ சீல் போட்டு, தேதியும் லாட்டும் எழுதி உங்கள் கடையில் வையுங்கள். பிறகு "நீங்க காட்டினது வேற, அனுப்பினது வேற" என்று பேச்சு வந்தால் அந்தப் பொட்டலம்தான் சாட்சி.

தரத்தை எண்ணிக்கையால் சொல்லுங்கள். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 300 முதல் 320 பருப்பு. நூறு கிராம் எடைபோட்டு எண்ணினால் 66 முதல் 70 வர வேண்டும். டபிள்யூ 240 என்றால் நூறு கிராமுக்கு 49 முதல் 53. டபிள்யூ 450 என்றால் 88 முதல் 99. சமையல்காரர் முன்னாலேயே தராசில் போட்டு எண்ணிக் காட்டலாம்; "ஃபர்ஸ்ட் குவாலிட்டி சார்" என்று பத்து முறை சொல்வதைவிட அது எடுபடும். ஈரப்பதம் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நம் கடற்கரைக் காற்றில் திறந்து வைத்த பருப்பு சீக்கிரமே நமுத்துவிடும். நமுத்த பருப்பை ஓட்டல் ஸ்டோரில் இன்னும் இரண்டு வாரம் வைத்தால் காறல் வாடை வரும். பழி உங்கள் மேல்தான் விழும். ஆகவே 50 கிலோவையும் ஒரே மூட்டையாகக் கொடுக்காதீர்கள். அவர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு உபயோகிக்கிறார்கள் என்று கேட்டு, அதற்கேற்ப ஐந்து கிலோ, பத்து கிலோவாகக் காற்றுப் புகாத பையில் சீல் போட்டுக் கொடுங்கள்.

விலைச்சீட்டில் மூன்று விஷயம் கட்டாயம்: எந்தத் தரம், ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா, எத்தனை நாளுக்கு அந்த விலை. மூன்றாவதை எழுதாமல் விடுவது பெரிய ஓட்டை. பண்ருட்டியில் மார்ச் முதல் மே, ஜூன் வரை கொட்டை வரத்து இருக்கும்போது ஒரு விலை, தீபாவளிக்கு முன்னால் வேறு விலை. ஏப்ரலில் சொன்ன விலையை அக்டோபரில் காட்டி "நீங்கதானே சொன்னீங்க" என்பார்கள். ஏழு நாள், அதிகம் போனால் பதினைந்து நாள் என்று போடுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும். ஓட்டல் அதைக் கேட்காமல் இறக்காது.

இனி முள்ளோடை விஷயம். எதேச்சையாகக் கிடைக்கும் புதுச்சேரி ஆர்டர்கள் தடுக்கி விழும் இடம் இது.

தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. (புதுச்சேரியில் கடை வைத்திருப்பவருக்கு அந்த வரம்பு 20 லட்சம்தான், இரண்டு ஊரிலும் கடை போட நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.) ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு விற்றால் வரம்பு என்ற பேச்சே கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். பட்டியலில் உள்ள கைவினைப் பொருட்களுக்கு மட்டும் சலுகை உண்டு. புதுச்சேரி வில்லியனூர் சுடுமண் பொம்மைக்காரர் அதைப் பயன்படுத்தலாம்; முந்திரிக்கு அது கிடையாது. புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான் என்றாலும் இந்தக் கணக்கில் தனி மாநிலம்போலத்தான். அங்குள்ள ஓட்டலின் ஜி.எஸ்.டி. எண் 34 என்று தொடங்கும், தமிழ்நாட்டு எண் 33 என்று. பில்லில் 33-லிருந்து 34-க்குப் போனால் ஐ.ஜி.எஸ்.டி., அதாவது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஜி.எஸ்.டி., போட வேண்டும். சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சதவீதம் மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் மாநிலம் தாண்டி விற்கவே அனுமதியில்லை.

பதிவில்லாமல், பில்லில்லாமல் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். மாட்டினால் அபராதம் குறைந்தது 10,000 ரூபாய், சரக்கையும் நிறுத்திவைக்கலாம். அதைவிட முக்கியம், முறையாக நடக்கும் ஓட்டலுக்குப் பில் இல்லாத சரக்கு வேண்டாம். செலவைக் கணக்கில் காட்ட முடியாதே.

அப்படியானால் உடனே பதிவு செய்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். பதிவு செய்தால் கடையில் சில்லறையாக விற்பதற்கும் 5 சதவீதம் வரி கட்ட வேண்டும். மாதம் ஒன்றரை லட்சம் சில்லறை விற்பனை என்று வைத்துக்கொள்வோம். விலையை ஏற்ற முடியாமல் வரியை உங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டால் மாதம் 7,100 ரூபாய் போல வெளியே போகும். ஓட்டல் ஆர்டரில் வரும் லாபம் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். இதைத் தீர்மானிப்பது நீங்கள் யாரிடம் வாங்குகிறீர்கள் என்பது. பண்ருட்டியில் ஜி.எஸ்.டி. பதிவுள்ள ஆலையில் பில்லோடு வாங்குகிறீர்கள் என்றால், அங்கே கொடுக்கும் 5 சதவீதம் உங்களுக்கு வரவாகத் திரும்பும். வாங்கும் பில் 1.2 லட்சம் என்றால் வரவு 5,700 போல. நிகரச் சுமை 1,500-க்குள் அடங்கிவிடும். வீட்டில் வைத்து உடைத்துத் தோல் நீக்கிக் கொடுக்கும் சிறு ஆட்களிடம் பில்லில்லாமல் வாங்குகிறீர்கள் என்றால் 7,100-ம் கையிலிருந்துதான். இந்த ஒரு கணக்கை ஆடிட்டரோடு உட்கார்ந்து போட்டுவிட்டுப் பிறகு ஓட்டலுக்குப் பதில் சொல்லுங்கள். வறுத்து உப்பிட்ட முந்திரிக்கு முன்பு 12 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 5 சதவீதம்தான். பழைய பில் மாதிரியை வைத்துக்கொண்டு 12 போடாதீர்கள்.

ஒரு லோடின் மதிப்பு வரியோடு 50,000 ரூபாயைத் தாண்டினால் மாநிலம் கடக்க ஈ-வே பில், அதாவது சரக்கை ஏற்றும் முன் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எடுக்கும் போக்குவரத்துச் சீட்டு, வேண்டும். கிலோ 850 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் 50 கிலோவுக்கு வரியோடு 44,625, தேவையில்லை. 56 கிலோ வரை தப்பிக்கும், 57 கிலோ ஆனால் தாண்டிவிடும். சிதம்பரத்துக்கு அனுப்பினால் இதே வரம்பு ஒரு லட்சம். தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்குத் தனி வரம்பு வைத்திருக்கிறார்கள்.

வரியைவிட ஆளைக் கவிழ்ப்பது கடன். "சாம்பிள் ஓகே, ரேட் ஓகே, பேமென்ட் முப்பது நாள்" என்பார்கள். முப்பது நாள்தானே என்று தோன்றும். அதே 850 ரூபாய் விலையில் கிலோவுக்கு 40 ரூபாய் லாபம் என்று வையுங்கள். உங்கள் அடக்க விலை 810. மாதத்துக்கு 4.3 வாரம், ஆக 215 கிலோ. லாபம் 8,600. வாரம் ஒரு நடை கொண்டுபோக 300 ரூபாய் என்றால் 1,300 கழியும், நிற்பது 7,300. இதற்கு நீங்கள் முடக்க வேண்டிய முதல் எவ்வளவு? ஒரு மாதச் சரக்கின் அடக்கம் 1,74,000, அடுத்த வாரத்துக்குத் தயாராக வைத்திருக்கும் 50 கிலோவுக்கு 40,500. மொத்தம் ஏறத்தாழ 2.15 லட்சம். அதை வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் மாத வட்டி 4,300. கையில் நிற்பது 3,000. ஓட்டல் முப்பது நாளை அறுபதாக இழுத்தால் முடங்கும் பணம் 3.89 லட்சம், வட்டி 7,780. வாரம் தவறாமல் சரக்கு போகும், ஓட்டலில் உங்களுக்கு நல்ல பெயர், மாதம் 480 ரூபாய் நட்டம். பெரிய ஆர்டர் கிடைத்த பிறகு கடை மூடியவர்கள் பலர் இந்தக் கணக்கில்தான் மூடினார்கள். கண்ணுக்கு வியாபாரம் ஏறுவதுபோலத்தான் தெரியும், ஆகவே தாமதமாகத்தான் புரியும்.

ஆகவே 50 கிலோவுக்கு "சரி" சொல்லாதீர்கள். "முதல் மூன்று வாரம் 15 கிலோ, இறக்கும்போதே பணம். நாலாவது வாரத்திலிருந்து ஏழு நாள் கடன். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடினால் பதினைந்து நாள்" என்று சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பதினைந்து கிலோவுக்கு ரொக்கம் தராத ஓட்டல் ஐம்பது கிலோவுக்குக் காசோலை தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எவ்வளவு பாக்கி வரை போகலாம் என்று உங்களுக்குள் ஒரு தொகையை முடிவுசெய்து வையுங்கள். மொத்தமாக வராமல் போனாலும் கடை அடுத்த மாதம் திறந்திருக்கும் தொகை எதுவோ, அதுதான் வரம்பு.

குறு, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இலவசம், இணையத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். 2,000 ரூபாய் கேட்கும் ஆளிடம் போக வேண்டாம். வறுத்துப் பதப்படுத்தும் வேலை செய்வதால் உற்பத்தியாளராகப் பதிய வழியுண்டா என்று பாருங்கள். 2006-ம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும்; தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வாங்கி அப்படியே விற்கும் வணிகராகப் பதிந்தால் வங்கிக் கடனுக்குத்தான் அது உதவும், இந்தப் பாதுகாப்பு வராது. நடைமுறையில் சிறு கடைக்காரர் ஓட்டல் மேல் புகார் போவது அரிது. ஆனால் பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டிருந்தால் கணக்குப் பிரிவு உங்கள் பில்லை அடியில் செருகாது. உரிய காலத்துக்குள் பணம் தராவிட்டால் வருமான வரியில் அந்தச் செலவை அந்த ஆண்டு கழிக்க முடியாது என்ற விதி வந்த பிறகு அவர்களுக்கும் கொஞ்சம் பயம் இருக்கிறது.

சரக்கு இறக்கும் இடத்தில் ஒரு ஒழுங்கு வேண்டும். அவர்கள் தராசில் எடை போட்டு, பில் நகலில் ஸ்டோர் முத்திரையும் கையெழுத்தும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். பணம் கேட்கப் போகும்போது கணக்குப் பிரிவு முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

அந்த ஓட்டல் உண்மையில் எப்படிப்பட்டது என்று பார்க்க, அவர்களுடைய ஜி.எஸ்.டி. எண்ணை வாங்கி ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டுப் பாருங்கள். சட்டப்படியான பெயர், பதிவு உயிரோடு இருக்கிறதா, கடைசியாக எந்த மாதக் கணக்குத் தாக்கல் செய்திருக்கிறார்கள் என்றெல்லாம் வரும். நாலு மாதமாகத் தாக்கல் இல்லையென்றால் உங்கள் பாக்கியும் அந்த வரிசையில்தான் நிற்கும். பிறகு அவர்களுக்குக் காய்கறியோ பாலோ போடுகிறவர் ஒருவரைப் பிடித்து "பேமென்ட் எப்படி?" என்று கேளுங்கள். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் இரண்டு கடை விசாரித்தால் ஆள் கிடைத்துவிடுவார்.

எதேச்சையாக வருகிறவர்கள் எல்லோரும் ஓட்டல்காரர்களும் இல்லை. "ராணுவ முகாமுக்கு நூறு கிலோ வேணும், அட்வான்ஸ் அனுப்பறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று போன் வரும். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவோ ரகசிய எண் போடவோ தேவையே இல்லை, கேட்டாலே வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் காட்டினால் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே மூட்டையை இறக்குங்கள். முத்ரா கடன் வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவரும் இதே ரகம். அதற்கு நடுவில் ஆள் தேவையில்லை.

இதைவிட மெதுவாகக் கடிக்கிற ஆபத்து, பழகி ஒரு மாதத்தில் "பார்ட்னரா சேர்ந்து புதுச்சேரியில ஒரு கிளை போடலாம்" என்பவர். நல்லவராகவே இருக்கலாம். ஆனால் 1932-ம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, கூட்டாளி தொழில் பெயரில் வாங்கும் கடனுக்கு உங்கள் வீடும் பொறுப்பு. குறைந்தது ஒரு சீசன், ஒரு தீபாவளி, அவரோடு வாங்கி விற்கும் உறவில் மட்டும் இருந்து பாருங்கள். பணம் வர வேண்டிய நாளில் அவர் எப்படிப் பேசுகிறார் என்பதை அந்த ஆறு மாதம் காட்டிவிடும்.

வாடிக்கையாளரைச் சந்திப்பதையே எல்லோரும் அதிர்ஷ்டம் என்று நினைக்கிறார்கள். மாற்றுச் சப்ளையர் ஒருவர் கிடைப்பது பல சமயம் அதைவிடப் பெரியது. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கரை கடந்தபோது இந்த மாவட்டத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஒரே ஊர், ஒரே ஆலை என்று நம்பியிருப்பவருக்கு அப்படி ஒரு நாளில் ஓட்டலுக்கு அனுப்பச் சரக்கே இருக்காது. ஆகவே இறக்குமதிக் கொட்டையை உடைக்கும் ஆலைக்காரர் ஒருவரை எங்கேயாவது பார்க்க நேர்ந்தால், இன்று வாங்காவிட்டாலும் விலை கேட்டு நம்பர் வாங்கி வையுங்கள்.

இனி, இப்படிப்பட்ட சந்திப்பை வரவழைக்க முடியுமா என்பது. நாளை இன்ன ஆளைச் சந்திப்பேன் என்று திட்டமிட முடியாது. ஆனால் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை கல்லாவிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு வாசலுக்கு வருகிறவர்களைத் தவிர வேறு யாரும் கிடைக்கப்போவதில்லை. வாரத்தில் ஒரு அரைநாள் கல்லாவை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போங்கள். எங்கே போவது? வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் பெரும்பாலும் உங்களைப் போன்றவர்களே இருப்பார்கள். அதைவிட, பல தொழில்காரர்கள் வந்துபோகும் இடம் நல்லது. பாலிதீன் கவரும் அட்டைப்பெட்டியும் விற்கும் மொத்தக் கடை, லாரி புக்கிங் ஆபீஸ், எடைக்கருவிக்கு முத்திரை போடும் இடம், மாவட்டத் தொழில் மையம், ஆடிட்டர் அலுவலக பெஞ்ச். புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் மிக்சர், பிஸ்கட் போடும் யாராவது இருந்தால் அவருக்கு உடைப்பருப்பு வேண்டியிருக்கும். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் ஸ்டால் போட்டால் விற்பனை கொஞ்சம்தான் இருக்கும். பக்கத்து ஸ்டால்காரரிடம் பேசியது அதைவிட அதிகம் தரலாம்.

போகும்போது பையில் நூறு கிராமில் மூன்று பொட்டலம் இருக்கட்டும்: முழு, பாதி, உடைப்பு. கார்டைப் பலரும் பர்ஸிலேயே மறந்துவிடுவார்கள். பருப்பை அன்றே தின்பார்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் தரம், அடைத்த தேதி, போன் நம்பர். மூன்று வாரத்துக்கு மேல் பையில் சுற்றிய பொட்டலத்தைக் கொடுக்காதீர்கள். வெயிலில் காறல் ஏறியிருக்கும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். சந்தித்த தேதி, இடம், பெயர், அவர் கேட்டது, அவருக்குத் தெரிந்த ஏதாவது ஒன்று. கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் எழுதாமல் விடுவார்கள். "அண்ணன் பெங்களூரில் பேக்கரி வைத்திருக்கிறார்" என்பது இன்று உங்களுக்குப் பயன்படாது. டிசம்பரில் கேக்குக்கு உடைப்பருப்பு தேவைப்படும்போது பயன்படும். மாதம் ஒரு முறை புரட்டி, இரண்டு பேருக்கு அவர்களுக்குப் பயனுள்ள ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். புது வரத்து வந்திருக்கிறது, விலை இறங்கியிருக்கிறது, இவ்வளவு போதும். வாங்கச் சொல்லிக் கேட்க வேண்டாம்.

கேட்கத் தயங்கியிருப்பீர்கள் என்று தோன்றும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொள்முதல் பார்ப்பவர் சில வாரம் கழித்து "கிலோவுக்குப் பத்து ரூபாய் நமக்குப் பாருங்க" என்று கேட்கலாம். நாற்பதில் பத்து போனால் மேலே போட்ட கணக்கு முழுதும் சரியும். அதோடு, அது ஓட்டல் முதலாளிக்குத் தெரிந்த அன்று ஆர்டர், பாக்கி இரண்டும் நிற்கும். முகத்துக்கு நேரே மறுப்பதைவிட, முதல் நாளிலேயே விலைச்சீட்டை ஓட்டல் பெயருக்கு, கணக்குப் பிரிவின் மின்னஞ்சலுக்கும் நகலோடு அனுப்பிவிடுவது நல்லது. விலையில் இடைவெளி இல்லையென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் கேள்வி பெரும்பாலும் எழாது. தீபாவளிக்கு ஒரு டப்பா வறுத்த முந்திரி ஸ்டோர் முழுக்கப் பொதுவாகக் கொடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

வேறொருவர் அறிமுகம் செய்துவைத்து ஆர்டர் வந்தால் கமிஷன் எவ்வளவு என்பதை முதல் பில்லுக்கு முன்பே பேசிவிடுங்கள்: முதல் ஆர்டருக்கு மட்டுமா, எத்தனை மாதத்துக்கு என்பதோடு. பேசாமல் விட்டால் அவர் மனதில் ஒரு தொகை வளர்ந்துகொண்டே இருக்கும்.

ஓட்டல் தொழிலில் ஆட்கள் அடிக்கடி இடம் மாறுவார்கள். இன்று நீங்கள் பார்த்தவர் அடுத்த ஆண்டு மகாபலிபுரத்திலோ சென்னையிலோ வேறு ஓட்டலில் கொள்முதல் பார்க்கலாம். ஆகவே ஓட்டலின் நம்பரோடு அவருடைய சொந்த நம்பரும் உங்களிடம் இருக்க வேண்டும். அவர் போனில் உங்களைத் தேடினால் உடனே கிடைக்கவும் வேண்டும். வாட்ஸ்அப்பில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு 'கடலூர் முந்திரி, மஞ்சக்குப்பம்' என்று இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.